வியன்னாவுக்கு முதல் பயணம்: மாலைகளை முதலில் திட்டமிடுங்கள்

வியன்னா என்றதும் அரண்மனை, ஓபரா, பொன்முலாம் பூசிய இசை அரங்கம், விலை கூடிய கேக் என்று ஒரு படம் மனத்தில் வந்துவிடுகிறது. நமக்குக் கட்டுப்படியாகுமா என்ற தயக்கமும் கூடவே வரும். ஆனால் உலகின் முதல்தர இசையை நின்றபடி கேட்க, குறைந்த விலையில் தினமும் இடம் ஒதுக்கி வைத்திருக்கும் ஊர் அது. தெருக் குழாயில் மலை ஊற்றுத் தண்ணீர் வருகிறது. ஆற்றில் குளிக்கக் காசில்லை. எதை முன்னதாகவே செய்து முடிக்க வேண்டும், எதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால் போதும். ஐந்தாறு நாள் தங்குவதாக வைத்து இதை எழுதுகிறேன். மூன்றே நாள்தான் என்றால் அருங்காட்சியகங்களைக் குறையுங்கள், மாலைகளைக் குறைக்காதீர்கள்.

மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நம் ஊர்ப் பள்ளி விடுமுறையைப் பார்த்து மே மாதம் போவது நல்ல தேர்வு. வெயில் இதமாக இருக்கும், இருட்ட இரவு எட்டரை மணி தாண்டிவிடும், ஓபராவும் நடந்துகொண்டிருக்கும். செப்டம்பரும் அக்டோபர் தொடக்கமும் அதே அளவுக்கு நல்லவை. ஜூலை, ஆகஸ்டில் அரசு ஓபரா அரங்கம் விடுமுறையில் இருக்கும். இதைப் பார்க்காமல் டிக்கெட் போட்டுவிட்டு வருந்துபவர்கள் நிறையப் பேர். அந்த இரண்டு மாதங்களில் நகரசபைக் கட்டடமான ராட்ஹவுஸ் முன்னால் பெரிய திரை கட்டி, ஓபராவும் கச்சேரியும் இலவசமாகத் திரையிடுகிறார்கள். சுற்றிலும் உணவுக் கடைகள். அதற்கென்றே போனாலும் தகும். நவம்பர் நடுவிலிருந்து கிறிஸ்துமஸ் சந்தைகள் ஆரம்பமாகும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், குளிர் கடிக்கும். அதற்கேற்ற காலணி, கையுறை இல்லாமல் போகாதீர்கள்.

விசா வேலை

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா, வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி, ஆனால் கோடைக்கு முன் நேரம் கிடைப்பதே கடினம். எனவே மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். பல நாடு சுற்றுவதாக இருந்தால், எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். ஷெங்கன் பகுதியைவிட்டுத் திரும்பும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். வங்கிக் கணக்கில் கடைசி வாரம் திடீரென்று பெரிய தொகையைக் கொண்டுவந்து போடாதீர்கள். சில மாதங்களாக இருக்கும் பணத்தைத்தான் அவர்கள் மதிக்கிறார்கள்.

2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். விமானம் மாறும் ஊர் ஷெங்கனுக்குள் இருந்தால் அந்த வரிசை அங்கேதான். ஒன்றரை மணி நேர இடைவெளியில் அடுத்த விமானம் என்று டிக்கெட் போட வேண்டாம். துபாய், தோஹா வழியாகப் போனால் இந்தச் சிக்கல் இல்லை, வியன்னாவில் இறங்கித்தான் வரிசை. சூரிச்சில் அண்ணன், சித்தி என்று சொந்தம் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: அங்கிருந்து இரவு ரயில். படுத்துத் தூங்கி எழுந்தால் வியன்னா.

தங்குமிடம்

வியன்னாவில் 23 வட்டங்கள். அஞ்சல் குறியீட்டின் நடு இரண்டு எண்தான் வட்ட எண்: 1070 என்றால் ஏழாவது வட்டம், 1100 என்றால் பத்தாவது. தெருப் பெயர்ப் பலகையிலும் முன்னால் அந்த எண் இருக்கும். இது தெரிந்தால் ஹோட்டல் முகவரியைப் பார்த்ததுமே ஏறக்குறைய எங்கே என்று பிடிபட்டுவிடும். முதல் வட்டம் பழைய நகரம், வாடகை எகிறும். நான் சொல்வது இரண்டு, நான்கு, ஏழு ஆகிய வட்டங்கள். நடந்தே மையத்துக்கு வரலாம். இன்னும் குறைய வேண்டுமென்றால் மெட்ரோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் எந்த வட்டமானாலும் பரவாயில்லை. ரயில் அடிக்கடி வருகிறது; வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய ஓடுகிறது.

முன்பதிவுக்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள். லிஃப்ட் உண்டா? ஏ.சி. உண்டா? நூறு வருடக் கட்டடங்களில் இரண்டும் இல்லாமல் போகலாம், ஜூலை வெக்கையில் அது தெரியும். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையோ வயதானவர்களோ உடன் வந்தால் சமையலறை உள்ள வீடாகப் பாருங்கள்; ஒரு வேளை ரசம் சோறு பல வயிற்றுப் பிரச்சினைகளைத் தீர்த்துவிடும்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

இறங்கியதும் பச்சை நிறத்தில் சிஏடி ரயிலின் விளம்பரம் கண்ணில் படும். 16 நிமிடத்தில் வீன் மிட்டே நிலையத்தில் விடும். அதே நிலையத்துக்கு எஸ்7 என்ற சாதாரண ரயில் சுமார் 25 நிமிடத்தில், மிகக் குறைந்த கட்டணத்தில் போகிறது. பத்து நிமிடத்துக்காக இரண்டு மூன்று மடங்கு கொடுக்க வேண்டியதில்லை. தலைமை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தங்குகிறவர்கள் ரெயில்ஜெட் ரயிலைப் பிடித்துவிடலாம், கால் மணி நேரம்தான்.

ஊருக்குள் மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு. ஒவ்வொரு முறையும் வாங்காமல் ஒரு நாள் சீட்டோ ஒரு வாரச் சீட்டோ வாங்கிவிடுங்கள். நகரப் போக்குவரத்து நிறுவனமான வீனர் லீனியனின் செயலியில் வாங்கினால் கொஞ்சம் மலிவு. கவனிக்க வேண்டியது ஒன்று: நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது. யாரும் கேட்காததால் சீட்டு வேண்டாம் போல என்று தோன்றும். சாதாரண உடையில் பரிசோதகர்கள் வருவார்கள், அபராதம் நூறு யூரோவுக்கு மேல். காகிதச் சீட்டு என்றால் முதல் பயணத்துக்கு முன் நீலப் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாத சீட்டு, சீட்டு இல்லாததற்குச் சமம். நகரும் படியில் வலப்பக்கம் நில்லுங்கள், இடப்பக்கம் ஏறிப் போகிறவர்களுக்கு.

முதல் நாள்: எதையும் பதிவு செய்யாதீர்கள்

தூக்கக் கலக்கத்தோடு அருங்காட்சியகத்துக்குள் போவது வீண். முதல் நாள் நடக்கவும் டிராமில் உட்காரவும் மட்டும். 1857-இல் பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் கோட்டைச் சுவரை இடிக்க உத்தரவிட்டார். அந்தச் சுவர் நின்ற இடம்தான் இன்றைய ரிங் சாலை. ஷ்வேடன்பிளாட்ஸ் நிறுத்தத்தில் 1 எண் டிராம் ஏறி, இடப்பக்க ஜன்னலோரமோ வலப்பக்கமோ கிடைத்த இடத்தில் உட்காருங்கள். பல்கலைக்கழகம், ராட்ஹவுஸ், நாடாளுமன்றம், இரட்டை அருங்காட்சியகங்கள் என்று வரிசையாக வந்து ஓபராவில் இறங்கலாம். ஊரின் அமைப்பு அந்த ஒரு சவாரியிலேயே மனத்தில் பதிந்துவிடும்.

அங்கிருந்து கெர்ன்ட்னர் தெரு வழியாக நடந்தால் ஸ்டெஃபான்ஸ் பேராலயம். 136 மீட்டர் உயரத் தெற்குக் கோபுரத்தில் 343 படி ஏறலாம், முட்டி வலி உள்ளவர்கள் வடக்குக் கோபுர லிஃப்ட்டில் போகலாம். வண்ண ஓடு வேய்ந்த கூரையை அருகிலிருந்து பார்க்க வடக்குக் கோபுரமே மேல். இந்த வட்டாரத்தில் மோட்சார்ட் வேடத்தில், வெள்ளை விக்கும் சிவப்புக் கோட்டுமாகச் சிலர் வந்து கச்சேரி டிக்கெட் விற்பார்கள். பயணிகளுக்கென்றே நடக்கும் நிகழ்ச்சிகள் அவை. அந்தக் காசில் ஓபராவில் இரண்டு மூன்று மாலை நின்றுவிடலாம்.

ஓபராவில் நிற்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் பின்பற்றுவீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். 1869-இல் திறந்த அரங்கம். 1945 மார்ச்சில் குண்டு விழுந்து எரிந்தது. பத்து ஆண்டு கழித்து, 1955 நவம்பரில், பீத்தோவனின் ‘ஃபிடேலியோ’வோடு மறுபடி திறந்தார்கள். மேடைக்கு முன்னுள்ள குழியில் வாசிக்கும் வாத்தியக்காரர்களிலிருந்துதான் வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்குக் கலைஞர்களை எடுக்கிறார்கள். அதாவது புத்தாண்டுக் கச்சேரியாக உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்க்கும் அதே குழுவை, சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலையில், நின்றால் ஒரு எளிய சாப்பாட்டு விலையில் கேட்கலாம்.

நிற்கும் இடத்துக்கான சீட்டு நிகழ்ச்சி நாளன்று காலை பத்து மணிக்கு இணையத்தில் வரும். கிடைக்கவில்லையென்றாலும் மனம் தளர வேண்டாம். ஒரு பகுதியை மாலையில் நேரில் கொடுக்கிறார்கள். ஓப்பர்ன்காஸே தெருப் பக்கம் அதற்கென்று தனிக் கவுன்ட்டர் இருக்கிறது. நிகழ்ச்சிக்கு 80 நிமிடம் முன் திறப்பார்கள். பிரபலமான பாடகர் இல்லாத நாளில் அரை மணி நேரம் முன்னால் போய் நின்றால் பெரும்பாலும் போதும். பெரிய பெயர் என்றால் இன்னும் சீக்கிரம் போங்கள். ஓர் ஆளுக்கு ஒரு சீட்டுதான். நண்பர் வந்துவிடுவார் என்று சேர்த்து வாங்க முடியாது.

சீட்டு கையில் வந்ததும் தரைத்தளமா, மேலேயா என்று பார்த்து நேராக அங்கே போங்கள். தரைத்தளம் கிடைத்தால் அதிர்ஷ்டம்: மேடைக்கு நேர் எதிரே, மத்திய மாடத்துக்குக் கீழே, பல நூறு யூரோ கொடுத்து உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சற்றுப் பின்னால் நிற்பீர்கள். முன்னால் ஒரு கைப்பிடிக் கம்பி ஓடும், அதில் சின்னத் திரை பதித்திருக்கும். பாடும் வரிகள் ஆங்கிலத்திலும் ஓடும். உங்கள் துப்பட்டாவையோ கைக்குட்டையையோ அந்தக் கம்பியில் கட்டிவிடுங்கள். அது உங்கள் இடம். அதற்கப்புறம் குளிர்கோட்டைக் காப்பறையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, படிக்கட்டையும் கூடத்தையும் நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். ஒற்றை நூல் துண்டு கட்டியிருந்தால்கூட யாரும் அந்த இடத்தைத் தொடமாட்டார்கள். தினமும் வந்து நிற்கும் உள்ளூர்ப் பெரியவர்கள் இந்த விதியைக் கறாராகக் காப்பாற்றுகிறார்கள். புதியவர் தயங்குவதைப் பார்த்தால் எப்படிக் கட்டுவது என்று காட்டியும் கொடுப்பார்கள்.

முதல் முறைக்கு எது? புச்சினியின் ‘லா போயெம்’ அல்லது ‘டோஸ்கா’ என்பேன். இரண்டும் இடைவேளையோடு மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், கதை எளிதில் பிடிபடும். ‘டோஸ்கா’வை 1958-இல் மேடையேற்றிய அதே அமைப்பில் இன்னமும் நடத்துகிறார்கள். வாக்னரின் ஓபராக்கள் நான்கு ஐந்து மணி நேரம் போகும், காலுக்கு அது இரண்டாவது பயணத்து வேலை. கோட்டும் டையும் தேவையில்லை. சுத்தமான பேன்ட், சட்டை போதும். புடவை கட்டிப் போனால் கூடத்தில் நான்கு பேர் புன்னகைப்பார்கள். அரைக்கால் சட்டையோடு மட்டும் போகாதீர்கள்.

நிற்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. வசந்த மாதங்களிலும் செப்டம்பரிலும் பல நாள்களில் உள்ளே நடப்பதை வெளிச்சுவரில் பெரிய திரையில் நேரலையாகக் காட்டுகிறார்கள். இலவசம், நாற்காலியும் போட்டிருப்பார்கள்.

அருங்காட்சியகம்: ஒரு நாளைக்கு ஒன்று

குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷெஸ் மியூசியம் முதலில். வியாழக்கிழமை இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், அந்த மாலையில் கூட்டம் குறைவு. உள்ளே எல்லா அறைக்கும் ஓடாமல் பீட்டர் புரூகலின் அறைக்கு நேராகப் போங்கள். உலகில் வேறெங்கும் அவருடைய இத்தனை ஓவியங்கள் ஒரே இடத்தில் இல்லை, பன்னிரண்டு இருக்கின்றன. 1565-இல் வரைந்த ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். மூன்று பேர் முதுகு காட்டித் திரும்பி வருகிறார்கள். நாள் முழுக்க அலைந்ததற்குக் கிடைத்தது ஒரே ஒரு நரி. நாய்கள் தலையைத் தொங்கப்போட்டு நடக்கின்றன. இடப்பக்கம் விடுதி வாசலில் தீ மூட்டிக்கொண்டிருக்கிறார்கள், விடுதிப் பலகை ஒரு கொக்கியில் கழன்று தொங்குகிறது. கீழே உறைந்த குளத்தில் ஊரே சறுக்கி விளையாடுகிறது. புத்தகத்தில் பார்க்கும்போது இதில் பாதிகூடக் கண்ணில் படாது.

கிளிம்ட் வரைந்த ‘முத்தம்’ ஓவியம் ‘மேல் பெல்வெடேரே’ அரண்மனையில். நேரம் குறித்த சீட்டுதான், காலை முதல் நேரத்தைப் பதிவு செய்யுங்கள். பதினொன்றுக்கு மேல் செல்ஃபி எடுப்பவர்களின் தலைகளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஷோன்புருன் அரண்மனைக்கும் அப்படியே முன்பதிவு வேண்டும். ஆனால் தோட்டம் இலவசம், அதிகாலையிலேயே திறந்துவிடும். எட்டு மணிக்குள் குளோரியெட் மண்டபக் குன்றில் ஏறிவிட்டால் நகரம் முழுவதும் உங்களுக்கே. அரண்மனைக்குள் போக நேரமில்லை என்றால் குறையில்லை, தோட்டத்தைத் தவறவிடாதீர்கள். குழந்தைகளுக்கு அங்கேயே 1752-இல் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை இருக்கிறது, இன்றும் இயங்குபவற்றில் உலகிலேயே பழையது.

கார்ல்ஸ்பிளாட்ஸில் உள்ள வீன் மியூசியத்தின் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமே இல்லை. பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை, இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய். பார்த்துக்கொண்டு நாளை வகுத்துக்கொள்ளுங்கள்.

காப்பிக் கடையும் சாப்பாடும்

வியன்னா காப்பிக் கடையில் நீங்கள் வாங்குவது நேரம். ஒரு மெலாஞ்ச் சொன்னால் சின்ன வெள்ளித் தட்டில் கோப்பை வரும், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், டம்ளர் வாய்மேல் கவிழ்த்த கரண்டி. மெலாஞ்ச் என்பது பால் நுரையோடு வருவது, நமக்குப் பழகிய சுவைக்கு நெருக்கம். கடும் டிகாக்‌ஷன் பிடித்தவர்கள் கிளைனர் பிரவுனர் கேளுங்கள். செய்தித்தாள் படிக்கலாம், கடிதம் எழுதலாம், இரண்டு மணி நேரம் இருந்தாலும் எழுந்திரு என்று யாரும் சொல்லமாட்டார்கள். பில்லும் தானாக வராது. “சாலன், பிட்டே” என்று கேட்டால்தான் வரும். பில் 9.20 என்றால் “பத்து” என்று சொல்லிக் கொடுப்பது வழக்கம், டிப்ஸ் அதில் அடங்கிவிடும். பேர்போன செண்ட்ரால் வாசலில் நிற்கும் நீண்ட வரிசையில் காலையை இழக்க வேண்டாம். 1880-லிருந்து இருக்கும் ஸ்பெர்ல் அல்லது ப்ரூக்கல் போங்கள்.

அந்த டம்ளர் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெட்ட கிணற்று நீரால் ஊர் முழுக்க டைஃபாய்டு. எடுவர்ட் சூயஸ் என்ற நிலவியலாளர் ஆல்ப்ஸ் மலையடிவார ஊற்றுகளிலிருந்து நீர் கொண்டுவர வேண்டும் என்று விடாமல் வாதாடினார். 1873-இல் அந்தக் கால்வாய் வந்துசேர்ந்தது, பம்பு இல்லாமல் சரிவிலேயே ஓடி. ஷ்வார்ட்சென்பெர்க்பிளாட்ஸின் பெரிய நீரூற்று அந்த நாளைக் குறிக்கிறது. அதே நீர்தான் இன்றும் வீட்டுக் குழாயிலும் தெருக் குழாயிலும் வருகிறது. எனவே பாட்டில் வாங்காதீர்கள், காலிப் பாட்டில் ஒன்றை எடுத்துப்போங்கள்.

சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கேஸஷ்பெட்ஸ்லே என்று சீஸ் போட்ட ஒரு மாவுப் பண்டம், ஆப்பிள் ஸ்ட்ரூடல், லிப்டாவர் என்ற சீஸ் கலவை தடவிய ரொட்டி எல்லாம் எங்கும் கிடைக்கும். முட்டையும் சேர்க்காதவர்கள் கேக் வகைகளையும் கேஸஷ்பெட்ஸ்லேயையும் விட்டுவிட வேண்டியதுதான். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் மாட்டெலும்புச் சாற்றில் செய்திருக்கலாம், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நல்ல உணவகங்களில் மதியம் ‘மிட்டாக்ஸ்மெனு’ என்று மலிவான சாப்பாடு உண்டு. பெரிய சாப்பாட்டை மதியம் வைத்துக்கொண்டால் செலவு பாதியாகும். நாஷ்மார்க்ட் சந்தை பார்க்க அழகு, ஆனால் விலை பயணிகளுக்கானது. பழமும் ஃபலாஃபெலும் வாங்க ஒட்டாக்ரிங்கின் புருன்னன்மார்க்ட் போங்கள். துருக்கிக் கடைகளில் மிளகாயும் கிடைக்கும், நாக்குக்கு ஆறுதல்.

மலையும் ஆறும்

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், பேரங்காடிகளும்தான். பெரிய ரயில் நிலையங்களில் உள்ளவை மட்டும் விதிவிலக்கு. சனிக்கிழமை மாலைக்குள் பால், ரொட்டி வாங்கிவிட்டு, ஞாயிறை ஊர் விளிம்புக்குக் கொடுங்கள்.

யூ4 மெட்ரோவின் கடைசி நிலையம் ஹைலிகன்ஷ்டாட். வெளியே வந்ததும் எதிரே வளைவு வளைவான வாசல்களோடு ஒரு செந்நிறக் கோட்டை: கார்ல் மார்க்ஸ் ஹோஃப். 1930-இல் திறந்த நகராட்சிக் குடியிருப்பு, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், 1,382 வீடுகள். தொழிலாளர்களுக்காக நகராட்சியே சலவைக்கூடம், குளியலறை, மழலையர் பள்ளியோடு கட்டியது. 1934 பிப்ரவரியில் உள்நாட்டுச் சண்டையில் ராணுவம் இதன்மேல் பீரங்கியால் சுட்டது. இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், வீட்டு ஜன்னல்களைப் படம் எடுக்க வேண்டாம். கால் மணி நேர நடையில் புரோபுஸ்காஸே தெருவில் பீத்தோவன் அருங்காட்சியகம். 1802-இல் காது கேளாமல் போவதைப் பற்றித் தம்பிகளுக்கு எழுதி, கடைசிவரை அனுப்பாமல் வைத்திருந்த கடிதம் இந்த ஊரில்தான் எழுதப்பட்டது. அதற்கு முந்தைய மாலை ஓபராவில் ‘ஃபிடேலியோ’ கேட்டிருந்தால் அந்த அறைகளில் நெஞ்சு கனக்கும்.

அங்கிருந்து 38ஏ பஸ்ஸில் காலன்பெர்க் உச்சிக்குப் போய், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நுஸ்டார்ஃபுக்கு இறங்குங்கள். இறக்கம்தான், இரண்டு மணி நேரம் போதும், குழந்தைகளும் நடப்பார்கள். வாசலில் ஊசியிலைக் கொத்து தொங்கினால் அது ஹொய்ரிகர்: சொந்தத் தோட்டத்து ஒயினைத் தாங்களே விற்கும் கடை. மது தொடாதவர்களுக்குத் திராட்சைச் சாறு இருக்கிறது, அதுவும் அதே தோட்டத்தது. சாப்பாட்டை உள்ளே போய் எடை போட்டு வாங்க வேண்டும், பானம் மேசைக்கு வரும். திரும்ப நுஸ்டார்ஃபில் டி டிராம் ஏறினால் நேராக ரிங் சாலை.

கோடையில் போனவர்கள் யூ1 மெட்ரோவில் டோனாவ்இன்செல் இறங்குங்கள். வெள்ளத் தடுப்புக்காக 1972 முதல் 1988 வரை தோண்டிய கால்வாயின் மண்ணைக் கொட்டி உருவான 21 கிலோமீட்டர் நீளத் தீவு. பல இடங்களில் இறங்கி நீந்தலாம். இரு முனைகளிலும் ஆடையின்றிக் குளிப்பவர்களுக்கென்று தனிப் பகுதி உண்டு, பலகை வைத்திருப்பார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் நடுப்பகுதியிலேயே இருங்கள்.

இன்னும் சில

கடைக்குள் நுழையும்போது “க்ரூஸ் காட்” என்று ஒரு வணக்கம் சொல்லிவிடுங்கள், நடத்தும் விதமே மாறும். சைக்கிள் பாதையில் நடக்காதீர்கள். மணியடிப்பார்கள், ஆனால் நிறுத்தமாட்டார்கள். பாராசிட்டமால்கூட மருந்துக் கடையில் மட்டும்தான் கிடைக்கும். ஞாயிறன்று முறை வைத்துத் திறக்கும் கடையைத் தேட வேண்டியிருக்கும் என்பதால் கையோடு கொண்டுபோங்கள். அவசர எண் 112.

கிளம்பும் நாளில், ஒரே கடையில் 75 யூரோவுக்கு மேல் ஏதாவது வாங்கியிருந்தால் வரி திரும்பக் கிடைக்கும். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேட்டு வாங்குங்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன், பொருளோடு சுங்கத்தில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். துபாய், தோஹா வழியாகத் திரும்புகிறவர்களுக்கு அந்த முத்திரை வியன்னாவிலேயே. ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஐரோப்பிய ஒன்றிய நகரில் விமானம் மாறினால், கையில் எடுத்துப்போகும் பொருளுக்கு அங்கே. இதற்கென்று முக்கால் மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.